வண்டியில் பழுதில்லை

பழைய வண்டிக்கு வெயிலைவிட மழைதான் எதிரி, ஐயா. அதுவும் வந்தும் வராமலும் போக்குக் காட்டுகிற தூறல். ஆகவே நாம் பேசத் தொடங்குமுன், உங்கள் காவல் நிலையத்து முற்றத்தில் நிற்கும் அந்தச் சிவப்புத் தோட்ட டிராக்டர்மீது ஒரு தார்ப்பாயைப் போடச் சொல்லுங்கள். தார்ப்பாய் இல்லையென்றால் பழைய போர்வை போதும். புகைபோக்கி வாயில் ஒரு டப்பாவையும் கவிழ்த்துவைத்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

நன்றி. இனி நிம்மதியாகப் பேசலாம்.

நான் வந்தது ஒரு திருத்தம் சொல்ல. என் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, போன வாரம் அந்த வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். அதைப் பற்றி உங்கள் ஆட்கள் எழுதிய அறிக்கையைத் தங்கை எனக்குப் படித்துக் காட்டினாள். ‘பராமரிப்புக் குறைவான பழைய வண்டி. இருக்கைக்கு அடியிலிருந்த பாதுகாப்பு ஸ்விட்ச் கழன்று விழுந்துவிட்டதால் என்ஜின் நிற்கவில்லை. விபத்து.’ மற்றதெல்லாம் இருக்கட்டும். ‘கழன்று விழுந்துவிட்டதால்’ என்ற இடத்தில்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பட்டறையிலிருந்து வெளியே போன எந்த வண்டியிலிருந்தும் இன்றுவரை ஒரு வாஷர்கூடக் கழன்று விழுந்ததில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஓட்ட லாயக்கில்லாத வண்டி என்று சொல்லி அதைப் பழைய இரும்புக்கு அனுப்பி உருக்கப் போகிறீர்களாம். தங்கையும் சரியென்று சொல்லிவிட்டாளாம். அதனால்தான் காலையில் முதல் வேலையாக ஓடி வந்தேன். ஒரு பாவமும் அறியாத வண்டி, ஐயா.

நீங்கள் அதைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். வயலில் ஓடுகிற பெரிய டிராக்டரின் குட்டி போல இருக்கும். இடுப்புயரம்தான். ஒற்றை சிலிண்டர். புல் வெட்டும், மண் கிளறும், பின்னால் ஒரு இழுவைப் பெட்டி மாட்டினால் மண்ணும் சரளையும் சுமக்கும். செய்த கம்பெனி மூடி வெகுகாலம் ஆயிற்று. ஒரு பாகம் போனால் இன்னொரு செத்த வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்காக நான் அலையாத ஊர் இல்லை, குனியாத குப்பை இல்லை.

அது அப்பாவின் வண்டி. அப்பா ஓட்டினார், நான் பழுதுபார்த்தேன். எங்கள் இருவருக்கும் பேச்சு என்று இருந்ததெல்லாம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான். “கிளட்ச் இழுக்குதுடா” என்பார். “பாக்கறேன்பா” என்பேன். மறுநாள் இழுக்காது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லாததைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வேன்.

அப்பா படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபோது, வண்டிச் சாவியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

“மாப்பிள்ளை, இது இனிமே உங்களுது.”

மாப்பிள்ளை பதறிப்போனார். “என்ன மாமா இது? மச்சான் இருக்காரே. அவருக்குத்தானே...”

“அவனுக்கு எதுக்கு? அவன்கிட்ட கொடுத்தா பொழுதன்னைக்கும் துடைச்சுக்கிட்டே இருப்பான். ஒருநாள்கூட அதைப் பயன்படுத்த மாட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிடுவான். வண்டின்னா ஓடணும் மாப்பிள்ளை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கையில் அப்போது ஒரு துணி வேறு இருந்தது. சாப்பாட்டு மேசையைத் துடைக்க எடுத்தது. தங்கை அதைச் சுட்டிக்காட்டினாள். இன்னும் பெரிய சிரிப்பாகப் போயிற்று. நல்ல நகைச்சுவைதான். நான் மேசையைத் துடைத்து முடித்தேன்.

மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தங்கமான மனிதர். சுற்றியுள்ள நாலைந்து தெருக்களுக்குத் தோட்ட வேலை அவர்தான். புல் வெட்டுவார், வேலி கட்டுவார், மண் மாற்றுவார். போகிற வீட்டிலெல்லாம் அவருக்கு ஒரு டம்ளர் டீ காத்திருக்கும். நான் அதே தெருக்களில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு அவர்கள் தலையாட்டுவார்கள்.

வண்டி அவர் கைக்குப் போனதிலிருந்து தினமும் ஓடியது. அப்பா சொன்னபடியே. தினமும் ஒரு புதுக் கீறலோடு திரும்பி வந்தது. அதுகூடப் பரவாயில்லை; கீறலை நான் பார்த்துக்கொள்வேன். மாப்பிள்ளை அதில் சாமான்களைச் சேர்க்கத் தொடங்கினார். ஒருநாள் முன்பக்கம் இரண்டு விளக்கு. இன்னொரு நாள் ஏதோ ஸ்கூட்டரின் சைலன்சர். பிறகு மஞ்சள் நிறத்தில் ஒரு மெத்தை. சிவப்பு வண்டியில் மஞ்சள் மெத்தை, ஐயா. கடைசியாக ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வளையம்.

“பாத்தீங்களா மச்சான்? டம்ளரை இதுல வச்சா மேட்டுல போனாலும் டீ சிந்தாது.”

“வண்டியோட அழகு போச்சே மாப்பிள்ளை.”

“அழகு பாக்கத்தான் உங்க தங்கச்சி இருக்காளே. இது வேலை பாக்க.”

உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள். “என்னையும் வேலைதான் வாங்கறீங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க.”

மறுபடியும் சிரிப்பு. எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவே இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஜாக்கிரதையான ஆள். தலையில் தொப்பி, காலில் கனத்த பூட்ஸ், காதில் என்ஜின் சத்தத்தை மறைக்கும் பெரிய கவசம். அதை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. இருக்கைக்கு அடியிலும் ஒரு ஸ்விட்சைப் பொருத்தினார். உங்கள் அறிக்கையில் வருகிற அதே ஸ்விட்ச். ஆள் உட்கார்ந்திருந்தால் அது அமுங்கியிருக்கும். எழுந்தால் மேலே வரும். ஒரு மூச்சு நேரத்தில் என்ஜின் அணைந்துவிடும். கியர் விழுந்தபடியே என்ஜின் அணைந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். சரிவாக இருந்தாலும் நகராது.

அது வந்ததிலிருந்து மாப்பிள்ளை சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தி நான் பார்த்ததில்லை. பிரேக்கும் போடமாட்டார். வழியில் ஒரு கல்லோ கிளையோ கிடந்தால் போதும், ஓடுகிற வண்டியிலிருந்து அப்படியே எழுந்து முன்னால் குதிப்பார். வண்டி அவருக்குப் பின்னால் அணைந்து நிற்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

நான் கண்டித்திருக்கிறேன். “பிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பிட்டு இறங்குங்க மாப்பிள்ளை. அதுதான் முறை.”

“எதுக்கு மச்சான்? நான் எந்திரிச்சா அது படுத்துடுது. உங்க தங்கச்சியைவிட நல்லா சொல்பேச்சு கேக்குது.”

ஒரு மெக்கானிக் வண்டியை மட்டும் பார்த்தால் போதாது, ஓட்டுகிறவரின் பழக்கத்தையும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் மைதானத்தில் ஆண்டுக்கொரு முறை பழைய இயந்திரக் கண்காட்சி நடக்கும். தண்ணீர் பம்பு, தையல் இயந்திரம், மோட்டார் சைக்கிள், டிராக்டர் எல்லாம் வரும். ஒரே விதிதான். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பின்னால் சேர்த்தது எதுவானாலும் மார்க் குறையும். நடுவர் ஒரு கிழவர். எப்போதும் கையில் லென்ஸ் வைத்திருப்பதால் அவரை நாங்கள் பூதக்கண்ணாடி என்போம். குனிந்து, மண்டியிட்டு, தேவைப்பட்டால் படுத்தும் பார்ப்பார்.

போன ஆண்டு நம் வண்டியைக் கொண்டுபோயிருந்தேன். பூதக்கண்ணாடி அதைச் சுற்றி வந்தார். விளக்குக்குக் குறைத்தார், சைலன்சருக்குக் குறைத்தார், மெத்தைக்குக் குறைத்தார். கம்பி வளையத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“இது என்னய்யா?”

“டீ டம்ளர் வைக்கறதுக்குங்க” என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார்.

“கம்பெனிக்காரன் டீ குடிச்சுக்கிட்டா வண்டி செஞ்சான்?”

மைதானமே சிரித்தது. மாப்பிள்ளைதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். திரும்பி வரும் வழியில் என் தோளில் கை போட்டுக்கொண்டு, “விடுங்க மச்சான், மார்க்கா நமக்குப் புல் வெட்டுது?” என்றார். எனக்கு அன்று என்னவோ காய்ச்சல் வருவது போல் இருந்தது.

இந்த ஆண்டு நான் அவரிடம் நேராகவே கேட்டேன். “கொஞ்ச நாளைக்கு வண்டியை என் பட்டறையில விடுங்க மாப்பிள்ளை. நீங்க சேர்த்ததை எல்லாம் கழட்டி, கம்பெனியில இருந்து இறங்கின மாதிரி பண்ணிடறேன். கண்காட்சி முடிஞ்சதும் எல்லாத்தையும் திருப்பி மாட்டிக் கொடுத்துடறேன்.”

“தாராளமா எடுத்துக்கங்க மச்சான். அதுவரைக்கும் பக்கத்துத் தெருக்காரர்கிட்ட ஒரு வண்டி இரவல் வாங்கிக்கிறேன். டீ வளையத்தை மட்டும் தொலைச்சுடாதீங்க.”

என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. ஒவ்வொரு நட்டாகக் கழற்றினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். துரு பிடித்த இடத்தில் உப்புத்தாள் போட்டேன். கார்புரேட்டரைப் பிரித்து, ஊசித் துளை ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்தேன். பழைய பெயிண்டின் ஒரு சில்லை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி, அதே சிவப்பைக் கலக்க வைத்தேன். மாப்பிள்ளையின் விளக்கு, சைலன்சர், மெத்தை, வளையம் எல்லாவற்றையும் கழற்றித் துணியில் சுற்றி வைத்தேன்.

இருக்கைக்கு அடியிலிருந்த ஸ்விட்சையும் கழற்றினேன். என்ஜின் ஓட வேண்டுமே, அதனால் அதற்குப் போன இரண்டு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து, பற்றவைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றினேன். ஆகவே ஐயா, அது கழன்று விழவில்லை. கழற்றப்பட்டது. சுத்தமாக, முறையாக, சரியான அளவு ஸ்பேனரால். அறிக்கையில் இந்த வித்தியாசத்தைக் குறிக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

கண்காட்சியில் பூதக்கண்ணாடி வண்டியை வெகுநேரம் பார்த்தார். இருக்கையைத் தூக்கியும் பார்த்தார். தலையசைத்தார். முழு மார்க். முதல் பரிசு. என் பெயரைக் கூப்பிட்டபோது முதலில் கை தட்டியது மாப்பிள்ளைதான். வெள்ளிக் கோப்பையை என்னிடமிருந்து வாங்கி, கடைக்காரரிடம் நீட்டி, அதில் டீ ஊற்றச் சொல்லிக் குடித்தார். “மச்சான், இதுக்கும் ஒரு வளையம் பண்ணணும்” என்றார். எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பரிசு வாங்கியது நான்.

வீட்டுக்கு வந்ததும் வாக்குக் கொடுத்தபடி எல்லாவற்றையும் திருப்பி மாட்டினேன். விளக்கு, சைலன்சர், மஞ்சள் மெத்தை. டீ வளையத்தின் திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட விட்டேன்.

ஸ்விட்சை மட்டும் ஏன் மாட்டவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்தோட்டம் சரிவானது. பட்டறை மேலே இருக்கிறது. சரிவின் அடியில் கருங்கல் சுவர். அன்று காலை மாப்பிள்ளை சரளை வரவழைத்திருந்தார். அதைச் சுவரோரம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். “அப்புறம் சொல்றேன் மச்சான்” என்று கண்ணைச் சிமிட்டினார். இருவரும் பட்டறை வாசலில் நின்று டீ குடித்தோம். மழை வருமா வராதா என்று பேசினோம். இரவல் வண்டியின் கிளட்ச் எப்படி என்று நான் கேட்டேன். “அதுவும் ஒரு வண்டியா? எந்திரிச்சா அணையவே மாட்டேங்குது மச்சான், ஒவ்வொரு தடவையும் சாவியைத் தேட வேண்டியிருக்கு” என்றார். பிறகு தொப்பி போட்டார், காதுக் கவசத்தை மாட்டினார், நம் வண்டியில் ஏறி என்ஜினைக் கிளப்பினார்.

அப்போது நான் சொன்னேன். சொல்லவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. “மாப்பிள்ளை, இருக்கைக்குக் கீழ இருந்த ஸ்விட்ச் இப்ப இல்லை. நீங்க எந்திரிச்சா என்ஜின் நிக்காது. பாத்துக்கங்க.” நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சொல்வது என் கடமை. கேட்பது அவர் பாடு.

டீ குடிக்கும்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அப்போது மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

சரளை நிறைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு வண்டி நடக்கிற வேகத்தில் சரிவில் இறங்கியது. என்ன அழகான ஓசை தெரியுமா? ஒரு தடுக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. ஒற்றை சிலிண்டர் அப்படி ஓடுவதைக் கேட்க வேண்டும். சுவருக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர்க் குழாய் வழியில் குறுக்கே கிடந்தது. பச்சை ரப்பர் குழாய். மாப்பிள்ளை அதன்மீது சக்கரத்தை ஏற்றமாட்டார். முன்பு ஒருமுறை ஏற்றிக் கிழித்து, தங்கையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

குழாயை அங்கே போட்டது நான்தான். சுவரோரத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடலாம் என்று காலையில் இழுத்துக்கொண்டு போனேன்.

சுவரோரத்தில் செடியே இல்லை என்கிறீர்கள். உண்மைதான். இனிமேல் வைக்கலாம் என்று இருந்தேன்.

மாப்பிள்ளை வழக்கம்போல எழுந்தார். வழக்கம்போல முன்னால் குதித்தார். வழக்கம்போல வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து குழாயை இழுத்தார். சுவர் அவருக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது. மற்றதை நீங்கள் வந்து பார்த்தீர்கள்.

நான் இறங்கிப் போனேன். ஓடவில்லையா என்று தங்கையும் கேட்டாள். ஈரச் சரிவில் ஓடினால் கால் வழுக்கும்.

முதலில் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினேன். பிறகு பெட்ரோல் டேப்பை மூடினேன். முன்பக்கம் தாழ்ந்து நிற்கும்போது அது திறந்திருந்தால் கார்புரேட்டர் நிரம்பி வழியும். பிறகு வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தேன். புதுப் பெயிண்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. நடுவில் மாப்பிள்ளை இருந்ததால் சுவரில் உரசவில்லை.

அவருக்கு நினைவு இருந்தது. கவசம் ஒரு காதிலிருந்து நழுவியிருந்தது.

“நிக்கலையே மச்சான்” என்றார். புகார் போலச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னார்.

“சொன்னேனே மாப்பிள்ளை” என்றேன். இந்த முறை கேட்டிருக்கும்.

“பின்னால எடுங்க. சீக்கிரம்.”

பின் கியர் போட்டிருந்தால் ஒரே நொடியில் வந்திருக்கும் என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னாராம். அவருக்கு வண்டி தெரியாது. பெட்டி நிறையச் சரளையோடு மேட்டில் பின்னுக்கு எடுத்தால் பின் கியரின் பல் போய்விடும். அந்தப் பல்சக்கரம் இன்று எங்கே தேடினாலும் கிடைக்காது. ஆகவே ஜாக்கி வைத்துத் தூக்குவதுதான் சரியென்று முடிவு செய்தேன். பட்டறைக்குப் போனேன். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு ஜாக்கி இருந்தது. ஆனால் அதன் தலை சொரசொரப்பானது. அடிச்சட்டத்துப் பெயிண்டைக் கொத்திவிடும். ரப்பர் தலை வைத்த ஜாக்கி பரண்மேல் இருந்தது. ஏணியைத் தேடி எடுத்து, ஏறி, இறக்கி, தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் அவசரம் தீர்ந்துவிட்டிருந்தது.

பிறகு தங்கையைக் கூப்பிட்டேன். அவள் உங்களுக்குப் போன் செய்தாள்.

அழுது ஓய்ந்தபின் அவள் எனக்கு ஒன்று சொன்னாள். உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. “அந்தச் சரளை எதுக்குன்னு தெரியுமா அண்ணா? உனக்குத்தான். சுவரோரமா ஒரு கொட்டகை போட்டு, வண்டியை அதுக்குள்ள நிறுத்தி, சாவியை உன் கையில கொடுக்கணும்னாரு. கோப்பை வாங்கறப்ப உன் முகத்தைப் பாத்தாராம். ‘இனிமே அது மச்சான்கிட்டதான் இருக்கணும், நான் வேற வண்டி பாத்துக்கறேன்’னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு.”

நான் முதலிலேயே சொன்னேன் அல்லவா, தங்கமான மனிதர் என்று? ஆனால் டீ குடிக்கும்போது அவரும்தான் இதைச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதில் என்னை மட்டும் குறை சொல்வது முறையாகாது.

தவிர, அப்படிக் கிடைத்தால் அது மாப்பிள்ளை கொடுத்த வண்டியாகத்தானே இருக்கும்? அப்பா கொடுத்ததாகாதே. சாவி கைமாறும்போது எல்லோரும் சுற்றி நின்று சிரித்திருப்பார்கள். யாராவது என் கையில் ஒரு துணியையும் கொடுத்திருப்பார்கள்.

நான் வருத்தப்படவில்லை என்று எழுதாதீர்கள். வருத்தப்படுகிறேன். அவருக்காகத்தான் செடி வைக்கலாம் என்று இருக்கிறேன், அந்தச் சுவரோரத்தில்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்விட்ச்.

போன ஆண்டு கண்காட்சியிலும் பூதக்கண்ணாடி இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். ஸ்விட்சைப் பார்த்தார். அதற்கு மட்டும் மார்க் குறைக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. தனியாகப் போய், “ஐயா, அதுவும் எங்க மாப்பிள்ளை மாட்டினதுதான், விட்டுட்டீங்களே” என்றேன். கிழவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஸ்விட்ச் புதுசா இருக்கலாம்யா. ஆனா அந்த இடத்துல ஸ்விட்ச் வச்சது கம்பெனிக்காரன். பழசு உளுத்துப் போயிருக்கும், உங்க மாப்பிள்ளை சரியான இடத்துல சரியானதைத்தான் மாட்டியிருக்காரு. நல்ல கை.”

நான் நம்பவில்லை. இந்த ஆண்டு கழற்றியபோதுதான் பார்த்தேன். இருக்கைக்குக் கீழிருந்த தகட்டில் திருகு போட இரண்டு துளைகள். பின்னால் யாராவது துளையிட்டிருந்தால் துளையின் உள்விளிம்பில் வெறும் இரும்பு தெரியும். இவற்றின் உள்ளே சிவப்புப் பெயிண்ட் இருந்தது. கம்பெனியின் முதல் பூச்சு. கவசம் மாட்டி, மஞ்சள் மெத்தை போட்டு, வளையம் முறுக்கிய ஆள், அந்த வண்டியில் எனக்குத் தெரியாமல் போன ஒன்றைச் சரியாகக் கண்டுபிடித்து, சரியாகப் பழுதுபார்த்திருந்தார்.

இரண்டு துளைகளையும் வெல்டிங் வைத்து அடைத்தேன். பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். உங்கள் ஆள் ‘ஸ்விட்ச் இல்லை’ என்று எழுதினார். அதை மாட்டத் துளையும் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. பூதக்கண்ணாடியே கவனிக்கவில்லை, ஐயா. போன ஆண்டு பார்த்ததை மறந்து, ஸ்விட்ச் வராத முந்தைய மாடல் என்று நினைத்துக்கொண்டு முழு மார்க் போட்டுவிட்டார். அந்தக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அது மட்டும் நேர்மையில்லை.

ஆக, மாட்ட மறந்துபோகவில்லை. திரும்ப மாட்ட முடியாதபடிதான் அடைத்தேன். குழாயை இழுத்துப் போட்டதும் அதே மாதிரிதான். எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இனி அந்த வண்டியை யாரும் உருக்க முடியாது, இல்லையா? உங்கள் வாசலில் நிற்கும் காவலரிடம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். விபத்து என்றால் இரும்புக் கடை. கொலை என்றால் அது சாட்சிப் பொருள். வழக்கு முடியும்வரை கூரைக்குக் கீழே, பூட்டிய அறையில், யாரும் தொடாமல், ஒரு நட்டைக்கூட மாற்றாமல் வைத்திருப்பீர்களாம். நல்ல சட்டம். மாதத்துக்கு ஒருமுறை பெட்ரோல் டேப்பைத் திறந்து மூடச் சொல்லுங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் வேண்டாம்.

அப்பா மட்டும் இருந்திருந்தால் அவரிடம் ஒன்று சொல்லியிருப்பேன். நான் அதைத் துடைத்துக்கொண்டே இருந்துவிடவில்லை, அப்பா. ஒரே ஒருநாள் பயன்படுத்தினேன். சொன்ன வேலையை, சொன்ன இடத்தில், ஒரு தடுக்கல் இல்லாமல் செய்தது.